பாதி விலைச் சிங்கம்

ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்க்கலாம் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் கிளப்பிவிட்டவர் என் அண்ணன்தான். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் சொந்தமாக லாரி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "மழைக்காலத்துல போனா எல்லாம் பாதி வெலைலா. நனைஞ்சா கரைஞ்சா போயிருவோம்?" என்றார்.

அங்கே கொட்டிய மழையில் ஒரு மான்கூட கண்ணில் படவில்லை. வேன் செஞ்சேற்றில் புதைந்தது. டிரைவர் முழங்கால் சேற்றில் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கையாலேயே சேற்றை அள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன். அண்ணன் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றார். சீ என்றிருந்தது.

டிரைவருக்கு அன்றாடக் கூலியை நாங்கள்தான் தரவேண்டும். விடுதிக்கு வந்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மழையில ஒண்ணுமே காட்டலை. அப்புறம் என்ன கூலி?"

தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் எங்கள் அப்பா பால் வெட்டினார். மழை பெய்தால் வெட்டு நடக்காது. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நனைந்து நிற்பவர்களிடம் கணக்கெழுதும் கிராணி குடைக்குள்ளிருந்தபடி சொல்வான்: "மழை. இன்னிக்குப் பேர் இல்லை, போ." பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அன்றைக்கு வீட்டில் கஞ்சித் தண்ணிதான். என்னோடு உட்கார்ந்து அதைக் குடித்தவர்தான் இந்த அண்ணன்.

"அண்ணே, அப்பாவ நெனச்சுப் பாருங்க" என்றேன்.

"அது வேறலா" என்றார்.

கூலியை நான் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் சிங்கம் பார்த்தாயா என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். அவ்வளவு தூரம் போய் நான் பார்த்தது அந்தக் கிராணியை.