கேட்டில் தொங்கிய வேப்பிலை

என் கணவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மலேசியாவில், பெக்கான் நானாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சொந்தபந்தமெல்லாம் கிளம்பி வர ஆரம்பித்தது. கீமோ கொடுத்ததில் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை, யாரும் வராமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் சொன்னதைப் போனில் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! பொந்தியானிலிருந்து வந்த சித்தப்பா, இருமிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவருக்கோ ஆள் என்றால் உயிர். "வந்தவங்கள விரட்டாத" என்று என்னைத்தான் அடக்குவார்.

ஒருநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. சட்டையைக் கழற்றினால் இடுப்பைச் சுற்றிக் கொப்புளம். நெஞ்சிலும் முகத்திலும் வேறு அங்கங்கே கிளம்பியிருந்தது. சில நாளாகவே இடுப்பு எரிந்ததாம், மனிதர் வாயைத் திறக்கவில்லை.

ஒத்தாசைக்காகக் கோத்தா திங்கியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அண்ணி, அதாவது அவருடைய அக்கா, பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லி, பின்னாலிருந்த மரத்தில் வேப்பிலை ஒடித்துக் கேட்டில் கட்டினார்.

"தண்ணி ஊத்துற வரைக்கும் வாசல் தாண்டக்கூடாது. ஊசி, மருந்து எதுவும் ஆகாது. ஆத்தா கோவிச்சுக்குவா."

"அக்கா சொல்றதும் சரிதான்" என்று முனகினார் இவர். சின்ன வயதில் இவருக்கு அம்மை போட்டபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது இந்த அக்காதான். அந்த நம்பிக்கை.

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"அண்ணி, அப்ப இவரு உடம்புல தெம்பு இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு? காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்த ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளா? அவளையும் கார்ல ஏத்துங்க!"

 அண்ணி இன்னொரு கொத்து வேப்பிலையை ஒடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி, தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த வேப்பிலையால் அவருக்கு விசிறிக்கொண்டே வந்தார்.

அக்கி என்றார் டாக்டர். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே பதுங்கியிருந்ததாம். எதிர்ப்பு சக்தி விழுந்த நேரம் பார்த்து எழுந்து எங்கும் பரவிவிட்டது. நுரையீரலுக்குப் போயிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். தனி அறையில் போட்டு, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தபோது அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நல்லவேள, நீ கத்துன."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேயே உடைந்துவிட்டது.

பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அன்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "நீங்க இல்லாதப்ப எத்தன பேரு வந்தாங்க தெரியுமா? கேட்டுல வேப்பிலையப் பாத்ததும் கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிட்டாங்க."

அட! டாக்டர் பேச்சுக்கும் என் தொண்டைத் தண்ணிக்கும் மசியாத கூட்டம் ஒரு கொத்து இலைக்குப் பயந்து ஓடியிருக்கிறது. அண்ணி அதை அவிழ்க்கப் போனார். நான் தடுத்தேன்.

"விடுங்க அண்ணி, தொங்கட்டும். கீமோ முடியிற வரைக்கும் காவலுக்கு இருக்கட்டும்."

"அடிப்பாவி, ஆத்தா போன பிறகுமா? பொய் சொன்ன மாதிரி ஆயிடாது?"

அப்படிச் சொன்னவர்தான், இலை வாடியதும் தானே புதுக்கொத்து ஒடித்து, "மன்னிச்சுக்க தாயே" என்று சொல்லிக் கட்டினார். இலை வாடும்போதெல்லாம் இதே கதைதான். என் கணவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டருகே வேகம் குறைத்துப் பிறகு நகர்ந்துபோகும் மோட்டார் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னை ஜெயில்ல போட்டுட்டீங்க" என்பார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

கடைசிக் கீமோவும் முடிந்து, ஸ்கேனில் நோயின் தடயம் இல்லை, இரத்த அணுக்களும் ஏறிவிட்டன, இனி ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டு முன்னால் நான் காரை நிறுத்துவதற்குள் அவர் இறங்கிவிட்டார். நேராகக் கேட்டுக்குப் போய் வேப்பிலையை அவிழ்த்து அண்ணி கையில் கொடுத்தார். அங்கேயே நின்றபடி போனை எடுத்தார்.

"சித்தப்பா, எப்ப வர்றீங்க? இப்பவே வாங்க. இருமல் இருந்தா மட்டும் வராதீங்க, இவ கேட்டத் தொறக்கமாட்டா."

நான் கேட்டை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனேன்.