முகத்தைப் பார்த்து வாசித்தவள்

என் மகள் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வயது ஏழு. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு யார் வந்தாலும் பேப்பரை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். மந்திரியின் பேச்சு, மரண அறிவித்தல் எல்லாவற்றையும் ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்து முடிப்பாள். வந்தவர்கள் கெட்டிக்காரி என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பெருமைக்கு வகுப்பாசிரியை ஒரு வசனத்தில் முற்றுப்புள்ளி வைத்தார்.

"பிள்ளை வடிவா வாசிக்கிறா. ஆனா வாசிச்சது ஒண்டும் விளங்குதில்லை."

அவர் தொடர்ந்தார். "பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைச்சிட்டு, கதைப் புத்தகம் குடுங்கோ. கதையில ஒரு ஆள் ஏன் அப்பிடிச் செய்யுது எண்டு பிள்ளை யோசிக்கவேணும். பள்ளிக்கூடத் தவணை முடியேக்க நான் தனிய இருத்தி ஒரு புதுக் கதை குடுத்துக் கேப்பன். அப்பவும் இப்பிடியெண்டா, அடுத்த வருசமும் இதே வகுப்பில இருக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லது."

நல்லதாம். கூட்டாளிகள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போவார்கள். இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே அதே வாங்குப் பலகையில் இருப்பாள். அதில் என்ன நன்மை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பாடசாலை வாசலில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டு, எதிரே வந்த ஒரு தாயைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு அப்படிப் பயம் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே காலி வீதியில் கை கொள்ளாமல் கதைப் புத்தகங்கள் வாங்கினேன். கொட்டாஞ்சேனையில் என் அலுவலகம். அங்கிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு மகளை எனக்கு எதிரே பாயில் இருத்துவேன். அவள் ஒரு பக்கம் வாசிப்பாள். நான் கேட்பேன்.

"யானைக்குட்டிக்கு வழி மாறிட்டுது. இப்ப அதுக்கு எப்பிடி இருக்கும்?"

"கவலை."

"தாயைக் கண்டவுடன?"

"சந்தோசம்."

ஒரு பிழை இல்லை. புத்தகத்துக்குப் புத்தகம் இப்படியே போனது. கதை வேலை செய்கிறது என்று தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அடுத்த கிழமை வகுப்பாசிரியை வாசலில் என்னைக் கண்டு நிறுத்தினார். ஒரு சின்னக் கதை கொடுத்துக் கேட்டாராம். இவள் முதலில் கவலை என்றாளாம், பிறகு சந்தோசம் என்றாளாம், பிறகு கோபம் என்றாளாம். கடைசியில் அழுதுவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து மகள் மேல் பாய்ந்தேன். "எனக்குச் சொல்லத் தெரியுது, மிஸ்ஸுக்குச் சொல்லத் தெரியேல்லையோ?" அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டில் இருந்தே வேலை செய்கிறவர் என் கணவர். கொம்பியூட்டரில் இருந்து தலையை எடுக்காத மனிதர். அன்று எடுத்தார்.

"இஞ்சரும், அவள் புத்தகத்தைப் பாக்கிறேல்லை. உம்மட முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்லுறாள்."

"அப்ப நீங்களே வந்து படிப்பிச்சுக் கிழியுங்கோவன்" என்றேன். ஆனால் வார்த்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிக்கொண்டு போகிற பக்கம். வழக்கம்போல மணிமணியாக வாசித்தாள். நான் முகத்தை நன்றாக மலர்த்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"இப்ப தாய்க்கோழிக்கு எப்பிடி இருக்கும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் மலர்ந்தது.

"சந்தோசம்."

இத்தனை நாளும் அவள் என் நெற்றியையும் புருவத்தையும்தான் வாசித்திருக்கிறாள். நான் வாங்கிக் குவித்த யானையும் கோழியும் அவளுக்குள் போகவே இல்லை.

அதன் பிறகு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவள் முதுகும் என் முதுகும் ஒட்டியிருக்கும். புத்தகம் அவள் மடியில். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பேன். பதில் வராது. கடற்கரைப் பக்கம் ரயில் போய் ஓய்ந்த பிறகும் வராது. "தெரியாது" என்பாள். ஒவ்வொரு நாளும் தெரியாது. கெஞ்சினேன். சொக்லேட் தருகிறேன் என்றேன். ஒரு நாள் புத்தகத்தைப் பறித்து எறிந்தேன். அது கதவில் பட்டு விழ, அவள் எழுந்து போய் எடுத்துவந்து அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் என்னை எதிர்த்துக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மிஸ் கேட்கிற நாளுக்கு முந்தின பின்னேரம் எனக்குக் கேள்வி கேட்கக்கூடத் தெம்பு இல்லை. கை கழுவிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். "சும்மா வாசி. நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றேன். முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம்.

ஆமையும் அணிலும் ஒரு மாம்பழத்தைக் கண்டெடுக்கிற கதை. இரண்டுக்கும் காலையிலிருந்து சாப்பாடு இல்லை. "'எனக்குப் பசியில்லை, நீ சாப்பிடு' என்றது ஆமை" என்று வாசித்தாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. திரும்பவும் அதே வரியை, இம்முறை மெதுவாக வாசித்தாள்.

"பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"ஆமை பொய் சொல்லுது அம்மா. அதுக்கும் பசி. பழம் ஒண்டுதானே இருக்கு."

அது புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. என் முகத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டே, "எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"நீங்களும்தானே சொல்லுறீங்கள். 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' எண்டு. சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள அழுறீங்கள்."

அவளுக்கு என் முகம் தெரியாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ரயில் ஒன்று போனது. அவள் மிச்சக் கதையை வாசித்து முடித்தாள். ஒரு ஆமையின் பொய்யைக் கண்டுபிடித்ததை மட்டும் வைத்து நாளையை எப்படி நம்புவது? அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வகுப்புக்கு வெளியே விறாந்தையில் நின்றேன். கதவு திறந்திருந்தது. கதை ஒரு கொக்கைப் பற்றியது. அவள் வழக்கம்போல மணிமணியாக வாசித்தாள்.

"மற்றக் கொக்கெல்லாம் பறந்து போயிட்டுது. இது மட்டும் ஏன் அங்கயே நிண்டது?" என்று மிஸ் கேட்டார்.

மகள் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். கண், புருவம், வாய். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் கதிரையை விட்டு இறங்கினாள். தன் பலத்துக்கெல்லாம் அதை இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, மிஸ்ஸுக்கு முதுகு காட்டி ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் விரித்தாள்.

"என்னம்மா செய்யிறீங்கள்?" என்றார் மிஸ்.

"பொறுங்கோ மிஸ்" என்றாள் என் மகள். "நான் யோசிக்கிறன்."

மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எந்த வகுப்பில் இருத்தினாலும் இருத்தட்டும், அவள் யோசித்து முடிக்கும் வரைக்கும் இங்கே யாரும் வாய் திறக்கக்கூடாது என்று இருந்தது எனக்கு.