நாலாவது மூலை

17-6-1972 — அம்பத்தூர் — ஒயர் கூடை 1 — ரூ. 4.50
8-7-1972 — அம்பத்தூர் — ஒயர் கூடை 1 — ரூ. 4.75
29-7-1972 — ஆவடி — ஒயர் கூடை 1 — ரூ. 4.50
2-9-1972 — பூந்தமல்லி — ஒயர் கூடை 1 — ரூ. 5.00
மொத்தம் — ரூ. 18.75

இந்த நான்கு கூடைகளையும் வாங்கியவள் ராஜம்மா. கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் குடியிருந்தாள். அப்போது வயது ஐம்பத்தேழு. பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவது அவளுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. அவளே பின்னிய கூடைகள் பதினொன்று பரண்மேல் கிடந்தன. அப்படிப்பட்டவள் கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கூடை வாங்கிக்கொண்டு வந்தால் கட்டின புருஷன் சும்மா இருப்பானா?

"ஏ ராஜம்மா, ஓட்டல்காரன் பக்கத்து ஓட்டலுக்குப் போயி இட்லி துன்ற மாதிரி கீதே உன் கத," என்றார் செங்கல்வராயன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவல் இருப்பவர்.

"நீ வாசலப் பாத்துக்கோ, நான் கூடையப் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கூடையைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் பார்த்தது மூலைகளை. தேடியது கெங்கம்மாளை.

கெங்கம்மாள் அடுத்த வீட்டுக்காரி. ராஜம்மாவிடம் கூடை பின்னக் கற்றுக்கொண்டு, எட்டு வருஷம் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்து பின்னியவள். 16-7-1971, வெள்ளிக்கிழமை, ராஜம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகக் காதுக் கம்மல் இரண்டையும் கழற்றினாள். குளித்துவிட்டு வந்தபோது ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் மாடத்தில்தான் வைத்தேன் என்று அவள் சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். மறுநாள் குழாயடியில், நாலு பேர் நிற்கையில், "நேத்து உள்ள வந்தவ நீ ஒருத்திதான் கெங்கம்மா," என்றாள். சொன்னது அவ்வளவுதான். கெங்கம்மாள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ராஜம்மா வீட்டுக்குப் போனாள். அரைகுறையாக இருந்த கூடையை எடுத்துக்கொண்டு போனவள், எட்டாம் நாள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். மகன் நாகப்பன் லாரி ஓட்டுகிறவன். எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 5-6-1972 அன்று, ரேஷன் அரிசி பாரம் தாங்காமல் ராஜம்மாவின் கூடைக் கைப்பிடி பிய்ந்தது. கைப்பிடி பருமனாக இருப்பதற்காக உள்ளே துண்டு ஒயர்களைக் கத்தையாக வைத்து மேலே பின்னுவது வழக்கம். அந்தத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து கம்மல் விழுந்தது. துண்டு ஒயர் போட்டு வைக்கும் பிஸ்கட் டின் மாடத்துக்குக் கீழேயே இருக்கும். கம்மல் அதில் உருண்டு விழுந்திருக்கிறது. அள்ளி வைத்துப் பின்னியது யார்? அவளேதான்.

அன்று எதிரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள் ஜெயசீலி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

"இப்ப இன்னாக்கா பண்றது?" என்றாள் ராஜம்மா. கம்மலைக் காதில் போட்டுக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. இருந்த ஒன்றையும் கழற்றி, இரண்டையும் அதே டின்னில் போட்டு மூடினாள்.

"அவளத் தேடிப் புடிச்சி சொல்லணும். வேற இன்னா பண்றது?"

"எங்கன்னு தேட்றது?"

"வார்டுல முப்பது கொழந்த கெடக்கும். நான் காலப் பாத்தே இது யாரு புள்ளைன்னு சொல்லுவேன். அவ எங்க இருந்தாலும் பின்னாம இருக்க மாட்டா. அவ கூடைல ஒரு தப்பு கீதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே, இன்னா அது?"

அடி போட்டு முடித்துப் பக்கம் ஏறும்போது நாலு மூலையிலும் முடிச்சு வலப்பக்கம் சாய வேண்டும். கெங்கம்மாள் போட்டால் நாலாவது மூலையில் மட்டும் இடப்பக்கம் சாயும். எட்டு வருஷமும் ராஜம்மா அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள். கெங்கம்மாள் சிரித்துக்கொண்டே மறுபடியும் அப்படியே போடுவாள்.

ஆகவே இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். தொங்குகிற கூடைகளை இறக்கச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் முறைத்தார்கள். முதல் சனிக்கிழமையே அம்பத்தூரில் இடப்பக்கம் சாய்ந்த மூலை கிடைத்துவிட்டது. ராஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்டதற்கு, சைக்கிளில் ஒரு ஆள் வருவான் என்றார் கடைக்காரர். அடுத்ததும் அம்பத்தூர், அங்கேயும் சைக்கிள் ஆள். மூன்றாவது ஆவடி. நாலாவது பூந்தமல்லி, அங்கே மட்டும் ஒரு பொம்பளை.

ராஜம்மாவுக்குத் தலை சுற்றியது. ஒருத்தி அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எப்படி இருப்பாள்? சைக்கிள் ஆள் யார்? நாகப்பனுக்கு லாரி போய்விட்டதா?

3-9-1972, ஞாயிற்றுக்கிழமை, ஜெயசீலியின் தம்பி ஜெயபால் மாதா கோயில் பூசை முடிந்து ராஜம்மா வீட்டுக்கு வந்தான். இவர்கள் பின்னும் கூடைகளை வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப்போய்ப் பாரிமுனையில் விற்றுத் தருகிறவன். வரிசையாக வைத்திருந்த கூடைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இன்னாக்கா இது, நான் போட்ட சரக்கெல்லாம் திரும்பி ஊட்டுக்கே வந்துக்கீது?"

"நீ போட்டதா? நீ பாரிமுனைக்கு இல்ல எட்த்துகினு போற?" என்றாள் ஜெயசீலி.

ஜெயபால் தலையைச் சொறிந்தான். "அவ்ளோ தொலைவு யாரு மிதிக்கறது? அம்பத்தூர்ல ரெண்டு கடை, ஆவடில ஒண்ணு. இந்த மூணும் ராஜம்மாக்கா குட்த்தது. அந்த பிரவுன் கலர் மட்டும் நம்மளுது இல்ல."

"நான் குட்த்ததா? டேய், மூலையப் பாரு. இது கெங்கம்மா கை," என்றாள் ராஜம்மா.

ஜெயசீலி ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்த பதினொரு கூடைகளையும் ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். தரையில் கவிழ்த்து வரிசையாக அடுக்கினாள். பதினொன்றிலும் நாலாவது மூலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ராஜம்மா ஒவ்வொரு கூடையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலைகளை முதலிலிருந்து எண்ணினாள். கடைசியிலிருந்தும் எண்ணினாள்.

"நான் இப்டிப் போட மாட்டேனே," என்றாள்.

"போட்டுகீறியே."

"அப்ப அவளுக்கு நான்தான் தப்பாச் சொல்லிக் குட்த்தேனா? எட்டு வருசமா யாரப் பாத்து சிரிச்சேன் நான்?"

உள்ளேயிருந்து செங்கல்வராயன் குரல் வந்தது. "பதிமூணே முக்கா ரூபா குட்த்து அவ கூடைய அவளே வாங்கிகீறா. நல்லா துப்பு துலக்கறீங்க!"

மிச்சம் இருந்தது பிரவுன் கூடை. மறு சனிக்கிழமை பூந்தமல்லிக் கடைக்காரரிடம் விசாரித்து நசரத்பேட்டைக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் பத்மா என்ற சின்ன வயசுப் பெண். கூடையைப் பார்த்து, தான் பின்னியதுதான் என்றாள். ராஜம்மா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கூடையும் கெங்கம்மாளுடையது இல்லை.

"யாருகிட்ட கத்துகின?" என்றாள் ஜெயசீலி.

"முன்னாடி போர்ஷன்ல ஒரு அம்மா இருந்தாங்க. ஆறு மாசம். கெங்கம்மான்னு. மூலைல இப்டி ஒண்ணு போட்டாத்தான் கூடைன்னு சொல்லுவாங்க. இப்ப ஓசூர்ல கீறாங்க."

ஜெயசீலி அங்கேயே விலாசம் எழுதிக்கொண்டாள். 12-9-1972 அன்று போட்ட கடிதம் 3-10-1972 அன்று திரும்பி வந்தது. அந்தக் கதவு எண்ணில் யாரும் இல்லையாம். ஜெயபால் இந்த முறை சோம்பல் படாமல் பூந்தமல்லி லாரி ஷெட்டுகளில் விசாரித்து நாகப்பன் வேலை செய்யும் இடத்து விலாசத்தை வாங்கி வர டிசம்பர் ஆகிவிட்டது. 18-12-1972 அன்று இரண்டாவது கடிதம் போயிற்று. ராஜம்மா சொல்லச் சொல்ல ஜெயசீலி எழுதியது: கம்மல் கிடைத்துவிட்டது, கைப்பிடிக்குள் இருந்தது, கைப்பிடி நான் போட்டது, நாலாவது மூலையும் நான் போட்டது.

கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. தபால்காரர் தெருவில் நுழைந்தால் ராஜம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். அவர் கையை விரித்துவிட்டுப் போவார்.

கடிதம் வந்த அன்று ராஜம்மா தலை நிறைய எண்ணெயோடு இருந்தாள். எண்ணெய்க் கையால் தொடப் பயந்து ஜெயசீலியைக் கூப்பிட்டாள். பென்சிலால் எழுதியிருந்தது. ஜெயசீலி படித்தாள்.

"ராஜம்மாவுக்கு கெங்கம்மா எழுதறது. உன் லெட்டர் வந்து ஒன்றரை மாசம் ஆகுது. பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். குழாயடியில நாலு பேர் பாத்தாங்க, அத நான் மறக்கல. மூலை பத்தி எழுதியிருந்தே. எனக்கு அது முதல் வாரமே தெரியும். சரியாப் போடவும் தெரியும். உன் கூடையும் என் கூடையும் பக்கத்துல வெச்சா ஒரே கை மாதிரி இருக்கட்டும்னு அப்படியே போட்டேன். நீ சிரிக்கறப்ப எனக்கும் சிரிப்பு வரும். மாசி மாசம் பேரனுக்குக் காது குத்தறோம். வரதுன்னா ரெண்டு காதுலயும் கம்மல் போட்டுகினு வா."

ராஜம்மா மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, இவ திட்றாளா, கூப்பிட்றாளா?"

"ரெண்டுந்தான். போய் தலைக்கு ஊத்திகினு வா, அந்த டின்ன எட்த்து வெக்கறேன்."

கடிதம் வந்த தேதி 9-2-1973, வெள்ளிக்கிழமை.