வெடிக்கு நிற்கிற குதிரை

எங்கள் வீட்டுக்காரர் வெறுமனே குதிரை என்று சொல்லமாட்டார். யாராவது வந்து ரோட்டோரம் ஒரு குதிரை நிற்கிறது என்றால், "என்ன குதிரை?" என்று கேட்பார். செவலையா, கருப்பா, மட்டமா. மட்டம் என்றால் உயரம் குறைந்தது. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி. வெள்ளையிலும் இரண்டு உண்டு. மூக்குத் தோல் ரோசாக இருந்தால் பிறவி வெள்ளை. தோல் கருப்பாக இருந்தால், குட்டியில் கருப்பாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுத்தது. எங்களுடையது அப்படி வெளுத்த பெட்டை. வாங்கும்போது அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

குணத்தை வைத்தும் பேர் சொல்வார். கடிக்கிறது, உதைக்கிறது, கூச்சக் குதிரை. கூச்சக் குதிரை பிளாஸ்டிக் பை பறந்தால்கூட ஒதுங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, வெடிக்கு நிற்கிற குதிரை. நாங்கள் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள். மேளம் அடிப்பார்கள், சரவெடி வெடிப்பார்கள். மேலே மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான். குதிரை நிற்கவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் பெட்டையை அப்படிப் பழக்க ஒரு வருடம் ஆனது. அவர் அதன் தாடைக்கு அடியில் கை கொடுத்து நிற்பார். அதற்குத் தின்னக் கொள்ளு வைத்துவிட்டு நான் தகர டப்பாவைத் தட்டுவேன். முதலில் மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கமிருந்து. அப்புறம் பக்கத்தில் வந்து. அப்புறம் ஊசிவெடி. கடைசியில் பெரிய வெடி.

"பத்த வெச்சுட்டு ஓடாத புள்ள. நீ ஓடுனா அதுவும் ஓடும்."

"ஓடாம நின்னா எனக்கு யாரு கொள்ளு வெப்பாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார்.

போன வருடம் ஆடியில் இறந்துபோனார். காலையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழவில்லை.

எடுக்கும் நேரத்தில் கொழுந்தன் வந்து என்னிடம் கேட்டார். "அண்ணி, குதிரையும் முன்னால வரட்டுங்க. அண்ணன் எத்தன மாப்பிள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயிருக்குது. இன்னிக்கு அண்ணன் போறப்ப குதிரை வேணாமா?"

நான் தலையாட்டினேன். என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். அதை வேறு யார்மேலும் போடமுடியாது.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். அங்கே அழுதுவிட்டுத் திரும்பிவிட்டோம். குதிரை மாலை போட்டுக்கொண்டு பாடைக்கு முன்னால் போனது. ஏரிக்கரையில் ஆயிரம்வாலாவைக் கொளுத்தினார்களாம். எட்டு வருடம் வெடிக்கு நின்றது அன்றைக்கு நிற்கவில்லை. கொழுந்தன் கையை உதறிக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கி ஓடியிருக்கிறது. கொடி கட்டின கம்பி காலில் சுற்றிக்கொண்டது. பொழுது சாயும்போது பிடித்து வந்தார்கள். முன்னங்காலில் ரத்தம். மாலையில் பூ இல்லை. நார் மட்டும் கழுத்தில் இருந்தது.

தாடைக்கு அடியில் அவர் கை இருந்தால்தான் அது நிற்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். பழக்கும்போது கூட இருந்தவள் நான்தான்.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. தை மாதத்தில் மறுபடி ஊர்வலத்துக்கு விடலாம் என்று நினைத்தோம். கொழுந்தன் பயந்துகொண்டே பிடிக்க ஒத்துக்கொண்டார். தாலி அறுத்தவள் மாப்பிள்ளைக் குதிரையின் கயிற்றைத் தொடக்கூடாது. நல்லம்பள்ளியில் எப்போதும் எங்களையே கூப்பிடுகிற மண்டபத்துக்காரருக்கு நானே போன் செய்தேன்.

"அக்கா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அது பாடைக்கு முன்னால போன குதிரைங்களாம். பொண்ணு வூட்ல கேள்விப்பட்டுட்டாங்க."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் குழாயடியில் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்க வூட்டுக்கு ஒரு கொடம். அவங்க சாவுக்குதிரைக்கு ரெண்டு கொடமா?" யாரோ சிரித்தார்கள். நான் இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அதுவரை ஊரில் அதைக் கல்யாணக் குதிரை என்றுதான் சொல்வார்கள்.

அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. நான் தக்காளி பறிக்கப் போனேன். கொள்ளு பாதியானது. மீதிக்குச் சோளத்தட்டு போட்டேன். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். விற்றால் ஊர்வலத்துக்கு வைத்திருக்கிறவனிடம் விற்கவேண்டும். இல்லையென்றால் செங்கல் சூளைக்கு மண் சுமக்கப் போகும். அங்கே போன குதிரை ரொம்ப நாள் இருக்காது.

கர்நாடகா பக்கமிருந்து ஒரு வியாபாரி வந்தார். வாயைப் பிரித்துப் பல் பார்த்தார். "பன்னெண்டு வயசு இருக்கும்."

"பதிமூணுங்க."

"விக்கிறவங்க கொறச்சுத்தாம்மா சொல்லுவாங்க. நீங்க ஏத்திச் சொல்றீங்க." சிரித்துக்கொண்டே நெற்றியையும் கழுத்தையும் தடவி மயிர்ச்சுழி பார்த்தார். சுழியில் குறை இல்லை. ஓட்டிப் பார்த்தார். நடையிலும் குறை இல்லை. அப்புறம்தான் கேட்டார். "வெடிக்கு நிக்குமா?"

நிற்கும் என்று சொல்லத்தான் இருந்தேன். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. பெட்டை அங்கே கல்யாணக் குதிரையாக இருந்திருக்கும், முதல் வெடி வெடிக்கும் வரைக்கும். மேலே எவனோ ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான்.

"நின்னுச்சுங்க. இப்ப நிக்காது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சூளைக்குத்தாம்மா ஆவும்."

"சூளைக்குன்னா வேணாங்க."

"வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

பெட்டையைக் கொண்டுபோய்க் கட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாசியில் பென்னாகரம் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. "சாவுக்குதிரை வெச்சிருக்கிறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவருடைய அப்பா இறந்துவிட்டாராம். வயதானவர். குதிரை முன்னால் போகவேண்டுமாம்.

"பக்கத்துல வெடி போடக்கூடாதுங்க. மெரளும்."

"பெரிய சாவுங்க. வெடி இல்லாம எப்படிங்க?"

"போடுங்க. நாங்க ரொம்ப முன்னால போயிடறோம்."

ஒத்துக்கொண்டார்கள். கொழுந்தன் வரவில்லை. ஏரிக்கரையில் நடந்ததற்கு அப்புறம் அவர் அதன் கயிற்றைத் தொடப் பயப்படுகிறார். நானே பிடித்துக்கொண்டு போனேன். அங்கே என் நெற்றியையோ கழுத்தையோ யாரும் பார்க்கவில்லை. குதிரையின் காதில் பஞ்சு வைத்திருந்தேன். தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றார்கள். ஒரு பாட்டி என்னையும் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள், "அது குதிரைக்காரம்மா" என்றாள். நான் நடந்தேன். எங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோன அன்று நான் போகாத தூரம் அது. வேறு யாருடைய அப்பாவுக்காகவோ நடந்தேன்.

பின்னால் வெடித்தார்கள். கயிறு இழுத்தது. அவர் மாதிரியே தாடைக்கு அடியில் கை கொடுத்தேன். கை முழுக்க அதன் நடுக்கம் வந்தது. நின்றது என்று சொல்லமாட்டேன். ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு முழுப் படி கொள்ளு வைத்தேன். பக்கத்து வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினார்கள். பெட்டை வாயை எடுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டது. மறுபடி தாடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அது தின்ன ஆரம்பிக்க வெகுநேரம் ஆனது.