முதல் வளைவுப் பிள்ளையார்

கதிர்காமத்துக்கு வேன் ஒன்றில் போகையில் யாரோ ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க, சம்பல் வாசனை என்னைப் பழைய தேயிலைத் தோட்டத்து லொறிக்குள் தூக்கிப் போட்டுவிட்டது.

அப்போதெல்லாம் மலை இறங்கும் முதல் வளைவில் இருந்த பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டாமல் ஒருவரும் வாயில் எதையும் போடக் கூடாது. பக்கத்துப் பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் அதுபாட்டுக்குச் சளசளவென்று கொட்டும், பனியில் நமுத்த தீக்குச்சி பற்றவே பற்றாது, எனக்குப் பசியில் அழுகை முட்டும். வீதியை அகலமாக்கியதில் வளைவும் போனது, பிள்ளையாரும் போனார்; பாருங்கள், என் எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஒரு வருடம் பொறுக்க முடியாமல், வளைவு வருவதற்குள் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றுவிட்டேன். கொஞ்ச தூரத்திலேயே டயர் வெடித்தது. அன்றைய கதிர்காமத்துப் பூசை இனிக் கிடைக்காது என்று எல்லாரும் கொதித்தார்கள்.

"கற்பூரம் காட்டுறதுக்கு முந்தி எவன்டா வாய வச்சது?" என்று கங்காணி கத்தினார்.

"நான்தாங்க" என்றாள் அம்மா.

லொறியே அவளை வாய்க்கு வந்தபடி ஏசியது. அம்மா பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"ஏச்சுதான் வாங்கியாச்சுல்ல, மிச்சத்தையும் தின்னு."