சிட்டு பூட் ஆகாத அரை மணி நேரம்

மே மாதம், மத்தியானம் இரண்டே கால் மணி. திருச்செங்கோட்டில் எங்கள் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பேனல் போர்டுக்கு வயர் சீவிக்கொண்டிருந்தேன். மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் பழனியம்மாள்.

"சாமி, ஃபேனு ஒண்ணுமே ஓடலைங்க. கம்ப்யூட்டர்ல இங்கிலீசுல என்னமோ வந்து நிக்குதுங்க."

இங்கிலீஷ் என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் வரவே கூடாது. அதில் ஓடுவது நான் எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். அது தமிழில் மட்டும்தான் பேசும்.

நான் வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அனுபவம் என்று சொல்லிக்கொள்கிற வயதில்லை. ஆனால் சொந்தமாக ஓஎஸ் எழுதிப் பார்க்கும் கல்லூரி ஜூனியர்கள் சிலர், "சிட்டுவில் என்னென்ன வசதி, பண்ணையில் எப்படி செட்டப் செய்தீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்கிறேன். அந்த மத்தியானத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

1. சிட்டு என்றால் என்ன

மூன்றாம் வருடத்தில் ஓஎஸ் பாடம் நடத்திய சார், "எழுதிப் பாக்கறதெல்லாம் நமக்கு எதுக்கு, படம் போட்டு மனப்பாடம் பண்ணிருங்க" என்றார். அன்று சாயந்தரமே ஆரம்பித்துவிட்டேன். முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. சின்னதாக இருந்ததால் சிட்டு என்று பெயர் வைத்தேன். மொத்த சைஸும் போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடக் குறைவு. மூன்று விநாடியில் பூட் ஆகும்.

நெட்வொர்க் கிடையாது, மவுஸ் கிடையாது. அறுபத்து நான்கு ஃபைல்தான் வைக்கலாம், பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே நேரத்தில் ஐந்து வேலை ஓடும். ஆனால் ஒரு வேலை தன் முறை முடிந்ததும் தானாக அடுத்ததற்கு வழி விட வேண்டும். விடாவிட்டால் ஐந்தும் நின்றுவிடும். தமிழ் எழுத்துக்களை நானே கிராஃப் நோட்டில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டு வரைந்தேன். 'ணை' மட்டும் ஒரு வாரம் எடுத்தது.

நான் ரொம்பப் பெருமைப்பட்ட வசதி வேறு. பூட் ஆகும்போதே பென்டிரைவில் உள்ள எல்லாவற்றையும் சிட்டு ரேமுக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் பென்டிரைவ் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிடலாம்.

கல்லூரிக் கண்காட்சியில் நடுவராக வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல கேம் ஆடலாமா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பட்டறை வேலையில் சேர்ந்தேன். சிட்டு சும்மா கிடந்தது.

2. செட்டப்

பங்குனியில் ஒரு கோடை மழை வந்தது. மோகனூர்ப் பண்ணையில் இடி இறங்கி ஃபேன் கண்ட்ரோலர் எரிந்துவிட்டது. அது மூடிய ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் சொட்டும் கூலிங் பேடு, மறு கோடியில் பத்துப் பெரிய ஃபேன், பக்கவாட்டில் இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் திரை. ஃபேன் இழுத்தால்தான் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நின்றால் கோழிகளின் உடம்புச் சூடே ஷெட்டை வேகவைத்துவிடும்.

புதிய கண்ட்ரோலர் வர நாற்பது நாளாகும் என்றார்கள். பட்டறை முதலாளி முருகேசண்ணனிடம் என் யோசனையைச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஃபேன்களை இரண்டிரண்டாகப் போட்டு நிறுத்த எட்டு ரிலே உள்ள கார்டு ஒன்று, மூன்று டெம்பரேச்சர் சென்சார், சிட்டு.

"நீ எழுதுனதா?"

"ஆமாங்கண்ணா."

"நீ எழுதுன பில்லுலயே ரெண்டு தப்பு இருக்குது சயின்டிஸ்ட்டு. கோழி உசுரு இது."

ஆனாலும் விட்டார். வேறு வழி இருக்கவில்லை. கம்ப்யூட்டரை ஃபீட் ரூமில் வைத்தோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன், தூசியில் முதலில் சாவது அதுதான். பயாஸ் செட்டிங்கில் முதலில் பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்படியும், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படியும் வைத்தேன். சென்சார் முப்பது டிகிரி காட்டினால் நான்கு ஃபேன், முப்பத்திரண்டுக்கு எட்டு, அதற்கு மேல் பத்தும். பழைய யூபிஎஸ் ஒன்று கொடுத்தார்கள், பேட்டரி சுமார்தான்.

இடியில் பழைய போர்டோடு சேர்ந்து ஆட்டோ–மேனுவல் ஸ்விட்சும் போயிருந்தது. கம்ப்யூட்டர் என்ன ஆனாலும் கையால் திருப்பி ஃபேனைப் போடுகிற ஸ்விட்ச் அது. "மேனுவல் மொதல்ல போட்டுருடா" என்று முருகேசண்ணன் சொன்னார். "அடுத்த வாரம் வாரேங்கண்ணா, அப்பப் போட்டுடறேன்" என்றேன். ஒரு மணி நேர வேலை. அதை விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தில் திரையில் ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரு சின்னப் படம் போட்டேன்.

பழனியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பனமரத்துப்பட்டிப் பக்கத்துக்காரர். புருஷனோடும் மகளோடும் பண்ணைக் குவார்ட்டர்ஸிலேயே ஏழெட்டு வருடமாகக் குடியிருந்தார். பழைய கண்ட்ரோலர் ஏதாவது கோட் காட்டினால் அதைத் துண்டுத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கேட்பாராம். சிட்டுவின் திரையில் 'வெப்பம் 31. நான்கு விசிறி ஓடுகிறது' என்று வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவை சத்தமாகப் படித்தார்.

"இது நம்ம பேச்சே பேசுதுங்களே."

நடுவர் போன பிறகு சிட்டுவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை. பண்ணை முதலாளி, முருகேசண்ணன், பழனியம்மாள் மூவரும் பார்க்க, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கிக் காட்டினேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலாளியும் முருகேசண்ணனும் ஷெட்டுப் பக்கம் போனதும், "இது இனிமே வேணாமுங்களா?" என்றார் பழனியம்மாள்.

"வேணாங்கக்கா. எடுத்தே வெச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு மறுபடி சொருகினேன். ஏன் மறுபடி சொருகுகிறேன் என்று சொல்லவில்லை. கரண்ட் போய் வந்தால் மறுபடி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்தேன்.

3. அரை மணி நேரம்

இருபத்தாறு நாள் சிட்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த நாட்களில் நான் பண்ணைக்குப் போகவே இல்லை.

அந்தப் பண்ணையில் ஒரு பழக்கம் உண்டு. விலை உயர்ந்தது, கெட்டுப்போகக் கூடாதது எதுவானாலும் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்குள் போகும். அதற்குப் பூட்டு உண்டு, சாவி முதலாளியிடம் மட்டும். முன்பு யாரோ மருந்தை வெளியே விற்றதிலிருந்து அந்த ஏற்பாடு. ஃபீட் ரூமில் எப்போதும் தீவனத் தூசி, போதாததற்குப் பெருச்சாளி. அதனால் தடுப்பூசி போட்ட அன்று, முதலாளி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, பழனியம்மாள் பென்டிரைவை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முதலாளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்குப் போன் வந்த அன்றைக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆக இருபது விநாடி. யூபிஎஸ் அந்த இருபது விநாடி தாங்கவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது, பென்டிரைவைத் தேடியது, கிடைக்காமல் கறுப்புத் திரையில் ஒரு இங்கிலீஷ் வரியோடு நின்றுவிட்டது.

"பென்டிரைவ் சொருகியிருக்குதுங்களாக்கா?"

"அது மருந்து ஃப்ரிட்ஜுல இருக்குதுங்க. பத்திரமா வெச்சிருக்கறனுங்க."

"எடுத்துச் சொருகி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சீக்கிரம்."

"சாவி மொதலாளிகிட்டங்க. அவரு சேலத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காரு. போனு எடுக்க மாட்டீங்கறாரு."

"பூட்ட ஒடைங்க."

போனில் கோழிகளின் சத்தம் கேட்டது. வழக்கமான கொக்கரிப்பு இல்லை, மொத்த ஷெட்டும் சேர்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இரைச்சல்.

"பூட்ட ஒடச்சா என்னைய வேலைய உட்டு அனுப்பிருவாருங்க சாமி. மருந்து களவு போனப்ப என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. இன்னொருக்கா போனு போட்டுப் பாக்கறனுங்க."

மேனுவல் ஸ்விட்ச் இருந்திருந்தால் "கைப்பிடியை வலப்பக்கம் திருப்புங்கக்கா" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். கரண்ட் ஓடும் பேனலுக்குள் கையை விடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போன் போட்டேன். அதற்குள் அவர் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் பக்கத் திரைகளைக் கத்தியால் கிழித்துவிட்டிருந்தார்கள். முதலாளிக்கு ஏழு தடவை போன் போட்டுவிட்டு, எட்டாவதற்குப் பதில் பழனியம்மாள் கடப்பாரையை எடுத்திருக்கிறார்.

"வந்துருச்சுங்க. தமிழ் வந்துருச்சு. ஃபேனு எல்லாமே ஓடுது." ராசிபாளையம் பிரிவுக்கு முன்னால் அந்தப் போன் வந்தது. கரண்ட் போய் முப்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. திரையில் 'வெப்பம் 43. பத்து விசிறி ஓடுகிறது' என்று படித்தும் காட்டினார். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார். இன்னும் ஷெட்டுக்குள் போகவில்லை.

நான் போனபோது பேடுப் பக்கத்துக் கோழிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. நடுவிலிருந்து ஃபேன் பக்கம் வரைக்கும் தரை வெள்ளையாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, வாயைத் திறந்தபடி. ஃபேன் காற்றில் இறகு மட்டும் அசைந்தது. பழனியம்மாள் நடுவில் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் இருந்ததைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் விட்டார். தூக்கியது கொஞ்சம்தான்.

4. கேள்வி

நாலரை மணிக்கு முதலாளி பட்டு வேட்டியோடு வந்து இறங்கினார். முருகேசண்ணனும் வந்திருந்தார். முதலாளி ஷெட்டைப் பார்த்தார். ஃபீட் ரூமுக்கு வந்து ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"பூட்ட ஆரு ஒடச்சது?"

"நாந்தானுங்க," என்றார் பழனியம்மாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. எதனால நின்னுச்சு?"

நான் ஒரு விநாடி யோசித்தேன். சிட்டுவில் பிழையில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைத்தான் முதலில் காப்பாற்றத் தோன்றியது.

"பென்டிரைவ் அதுல இல்லைங்க. அது இல்லாம பூட் ஆகாதுங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முதலாளி பழனியம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மிணி, அத உன்னைய ஆரு எடுக்கச் சொன்னது?"

பழனியம்மாள் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் திரையில் சுற்றும் சின்ன ஃபேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூசி படுமேன்னு எடுத்து வெச்சனுங்க," என்றார்.

"படிக்காத ஆளுங்க கையில மிஷினக் குடுத்தா இப்படித்தான்." முதலாளி அதை முருகேசண்ணனிடம் சொன்னார். வண்டியில் திரும்பும்போது முருகேசண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "மேனுவல் போட்டியாடா?" இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷனுக்கும் சேர்த்துத்தான்.

5. பனமரத்துப்பட்டி

பதினைந்து நாள் கழித்துப் பண்ணைக்குப் போனேன். நான்தான் எடுக்கலாம் என்று சொன்னேன், மேனுவல் ஸ்விட்ச் போடாததும் நான்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கோணும் தம்பி. இப்ப வேற குடும்பம் வந்து குடி இருக்குது. அவிங்கள என்னன்னு சொல்லி அனுப்பறது?"

அங்கிருந்து பனமரத்துப்பட்டிக்குப் போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு அரளித் தோட்டத்தில் பழனியம்மாள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். மகள் பிளஸ் டூ போவது நின்றுபோய், அடுத்த சால் வரிசையில் பறித்துக்கொண்டிருந்தாள். மோகனூர்ப் பள்ளிக்கு இங்கிருந்து பஸ் சரிப்படவில்லையாம். நான் முதலாளியிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அன்னிக்கு ஏங்கக்கா நீங்க சொல்லல? நான் சொல்லித்தான் எடுத்தேன்னு?"

"சொன்னா நம்பியிருப்பாரா? படிச்ச புள்ளை மேல பழி போடறான்னு இன்னும் நாலு பேச்சு சேத்து வாங்கியிருப்பேன். நீங்க சொல்லியிருந்தாத்தான் நம்பியிருப்பாரு."

கூடையில் மொட்டைப் போட்டுவிட்டு, "அந்தத் தமிழு இப்பவும் ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கக்கா. புது கண்ட்ரோலர் வந்துருச்சு."

"பாவம்," என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சிட்டுவை இப்போது இரண்டு பண்ணையில் ஓட்டுகிறேன். முதலில் மேனுவல் ஸ்விட்ச், அதைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் கம்ப்யூட்டரையே வண்டியிலிருந்து இறக்குவேன். பென்டிரைவை எடுத்தால் உடனே சைரன் அடிக்கும்படி மாற்றிவிட்டேன். நான் பெருமைப்பட்ட வசதி இப்போது இல்லை. செட்டப் வழிமுறையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஃபீட் ரூம் சுவரில் ஒட்டுகிறேன். அதன் கடைசி வரி: 'பென்டிரைவை எடுக்கலாம் என்று ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டார். எடுக்க வேண்டாம்.'

போன மாதம் பரமத்திப் பக்கத்தில் ஒரு பண்ணையில் அதை ஒட்டியபோது, ஷெட் பார்க்கிற ஆள் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆருங்க அந்த ஒருத்தரு?"

"நாந்தானுங்க," என்றேன்.