கோட்டுக்கு மேலே இரண்டு விரல்

என் கணவர் கட்டிய மோட்டார் சைக்கிளில் எனக்குத் தெரிந்த ஒரே உறுப்பு கூலன்ட் குப்பிதான். பின்னால் உட்கார்ந்தால் என் இடது முழங்காலை ஒட்டி அது வரும். சுடுகிறது என்று சண்டை போட்டுப் போட்டே அதைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

அவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதன் பிளாஸ்டிக் சட்டையை எல்லாம் கழற்றி, இன்ஜின் வெளியே தெரியும்படி மறுபடி கட்டினார். வாகனச் சோதனை நிலையத்துக்கு மூன்று தடவை அலைந்துதான் பாஸ் வாங்கினார். சட்டை போனதும் வண்டியோடு வந்த பிளாஸ்டிக் குப்பி அசிங்கமாகத் தொங்கியது. அதை எறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் தானே ஒன்று வெல்டு செய்து, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து மாட்டினார். உள்ளே இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைத் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழல். இன்ஜின் சூடானால் தண்ணீர் வீங்கிக் குப்பிக்குள் ஏறும், ஆறினால் இறங்கிவிடும். ஆறியபோது நிற்க வேண்டிய இடத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு. என்னைவிட அந்தக் குப்பியைத்தான் அதிகம் தடவிக் கொடுத்திருக்கிறார் என்று ஞாயிறு பூசை முடிந்து தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஜூரோங்கிலிருந்து திரும்பும்போது எங்கள் வீடு இருக்கும் உட்லண்ட்ஸ் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் "கண்ணு சரியில்ல, இனி ஓட்டல" என்று ஹெல்மெட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். கண் என்றே நானும் வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்று வாய்வரை வந்தும் சொல்லவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். எனக்குப் பயம்.

ஓட்டாவிட்டாலும் தினமும் கார்ப்பார்க்குக்குப் போய் வண்டியைத் துடைப்பார். நான் அப்போது ஃபேரர் பார்க்கில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தேன். ஒரு மதியம் மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஏம்மா, யாரோ நம்ம பைக்க எடுத்து ஓட்டுறான்."

"பைக் காணோமா?"

"இருக்கு. ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து வச்சிருக்கான். தண்ணி கோட்டுக்கு மேல ரெண்டு விரல் ஏறி நிக்குது."

இந்த வெயிலுக்கு வண்டி சூடாகத்தானே இருக்கும் என்றேன். வெயில் மேலேதான் சுடும், இன்ஜின் ஓடாமல் தண்ணீர் அவ்வளவு ஏறாது என்றார். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பாருங்கள் என்றேன். அது பழசு, நினைத்தால்தான் ஓடும், குப்பி பொய் சொல்லாது என்றார்.

அந்த வாரம் இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது. சக்கரத்துக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். பூட்டு போட்டபடியே இருந்தது, தண்ணீர் மட்டும் ஏறியிருந்தது. தொலைந்த பொருளுக்கு வேண்டிக்கொள்ள எங்கள் கோயிலில் ஒரு புனிதர் உண்டு. தொலையாமல் ஊர் சுற்றிவிட்டுத் தானாக வந்து நிற்கும் பொருளுக்கு யாரிடம் வேண்டுவது?

அவருக்கோ நாளாக நாளாகக் கோபம் போய், திருடன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"வண்டி தெரிஞ்சவன்லா. ஹேண்டில நான் திருப்பி வைக்கிற மாதிரியே இடது பக்கம் திருப்பி வச்சிருக்கான். ஸ்டாண்டுக்கு அடியில நான் வைக்கிற பலகைத் துண்டு, அதுகூட சரியா வச்சிருக்கான்."

இவரே திருட்டுத்தனமாக ஓட்டிவிட்டுக் கதை அளக்கிறாரோ என்று நினைத்தேன். அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்றும் நினைத்தேன். பொய் சொன்னால் இவருக்குக் காது சிவக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்று சிவக்கவில்லை.

மறுவாரம், சாட்சிக்கு இருக்கட்டும் என்று படம் எடுத்து அனுப்பினார். கடையில் ஒரு கல்யாண வீட்டார் பட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் குப்பி, கறுப்புக் கோடு, கோட்டுக்கு மேலே இரண்டு விரல் பச்சை. பெரிதாக்கிப் பார்த்தேன். தேய்த்த ஸ்டீலில், படம் எடுப்பவரின் உருவம் விழுந்திருந்தது. தலை மட்டும் பெரிதாக, உருண்டையாக இருந்தது. எவர்சில்வர் சொம்பில் பார்த்தால் யார் தலையும் அப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் பெரிதாக்கினேன். அந்த உருண்டையின் நெற்றியில் ஒரு மஞ்சள் பட்டை ஓடியது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஹெல்மெட்டின் பட்டை அது.

"என்னக்கா, விலை சொல்லுங்க" என்று கல்யாணப் பெண் இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த நாள் அரை நாள் விடுப்பு எடுத்து, அவரிடம் சொல்லாமல் நேராகக் கார்ப்பார்க்குக்குப் போனேன். வண்டி நிற்கும் இடம் காலி. பலகைத் துண்டு மட்டும் கிடந்தது. தூணை ஒட்டி நின்றேன். அந்த வேளையில் அங்கே ஆளே இருக்காது. மேல்தளத்தில் ஏதோ ஒரு காரின் டயர் தேய்ந்து கிறீச்சிட்டது, பிறகு அதுவும் நின்றது. போன மனிதருக்குத் திரும்பி வர வழி தெரியுமா என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். அழகாக ஓட்டி வந்தார். பலகையின் மேல் ஸ்டாண்டை இறக்கினார், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார், பூட்டைப் போட்டார். நாலு அடி நடந்தார். நின்றார். பிறகு திரும்பி, அப்போதுதான் வீட்டிலிருந்து இறங்கி வந்தவர் போல வண்டியை நோக்கி வந்து, குனிந்து குப்பியைப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். தலையில் ஹெல்மெட், கையில் சாவி.

"நீயும் வந்துட்டியா? பாரு, இப்பதான் விட்டுட்டுப் போயிருக்கான். ரெண்டு விரல்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆளப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்ச ஆளுதாங்க."

குனிந்து குப்பியை இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப போலீஸ் கீலீஸ்னு போக வேணாம். அவன் வீட்டுல மட்டும் சொல்லிடு. நல்லாத்தான் ஓட்டுறான், ஆனா அவனத் தனியா விட வேணாம்னு சொல்லு."

"சொல்லிடுறேங்க" என்றேன். அடுத்த நாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.